அரைமணி தூரம்

கொடைரோடு டோல்கேட் கண்ணில் பட்டதும் என் கை போனைத் தேடும். வடக்கே அய்யலூரைத் தாண்டினாலும் அப்படித்தான். மேற்கே ஒட்டன்சத்திரம் வரை ஓரளவு தைரியமாகப் போவேன், அதற்கு மேல் மனசு ரோட்டில் நிற்காது. பழனிக்குக் கல்யாணம், காதுகுத்து என்று எத்தனை பத்திரிகை வந்தாலும் வீட்டுக்காரரைத்தான் அனுப்பி வைப்பேன். திண்டுக்கல்லிலிருந்து எந்தத் திசையில் போனாலும் அரைமணி நேரத்தில் திரும்பி வந்துவிட வேண்டும். எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் இது. போட்டவளே எடுத்துவிட முடியாத சட்டம்.

நான் இருதய அறுவை மருத்துவர். இந்த ஊரில் முதல்முதலாக ஒரு மனிதரின் இருதயத்தை நிறுத்தி, உள்ளே தைத்து, மறுபடி ஓட வைத்தது நான்தான். பத்திரிகையில் போட்டோவுடன் வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளெக்ஸ் வைத்தார்கள். ‘முதல்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘ஒரே’ என்ற சொல்லும் ஒளிந்திருக்கிறது என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

இருதய ஆபரேஷன் முடிந்த பிறகு, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிற நேரத்தில் சிலருக்கு நெஞ்சுக்குள் ரத்தம் கசிந்து தேங்கும். தேங்கிய ரத்தம் இருதயத்தைச் சுற்றி நின்று அதை விரிய விடாமல் இறுக்கிவிடும். அப்போது தையலைப் பிரித்து நெஞ்சைத் திறந்தாக வேண்டும். காத்திருக்க நேரம் இருக்காது. எங்கள் ஆஸ்பத்திரியில் அதைத் திறக்கத் தெரிந்த கை என்னுடையது மட்டும்தான். அதனால்தான் அரைமணி நேரம். அதுவே அதிகம் என்றுதான் பயப்படுவேன்.

எங்கள் அப்பாவுக்குச் சிறுமலை அடிவாரத்தில் திராட்சைத் தோட்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்வந்த நேரம் போக, அம்மா முழு நாளும் பந்தலுக்கு அடியில்தான் நிற்பாள். கையைத் தூக்கி, கழுத்து வலிக்க அண்ணாந்து, கொடி கட்டுவாள். சென்னையில் இருதய அறுவைப் பிரிவில் சேர நேர்காணலுக்குப் போனபோது எதிரே இருந்தவர்களில் ஒருவர், “ரொம்ப நேரம் நிக்கணும்மா, உன்னால முடியுமா?” என்று கேட்டார். நான் அம்மாவின் கழுத்தை நினைத்துக்கொண்டு, “முடியும் சார்” என்றேன். அந்த வகுப்பில் நான் மட்டும்தான் பெண்.

படித்து முடித்து அங்கேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பல வருஷம் வேலை பார்த்தேன். நெஞ்சைத் திறப்பேன், கடைசியில் மூடுவேன். நடுவில் இருதயத்தைத் தொடுகிற வேலை வரும்போது எனக்கு மூத்தவர் எதிரே வந்து நின்றுகொள்வார். நான் ரத்தத்தை உறிஞ்சிக் கொடுப்பேன். மூத்தவர் ஓய்வு பெற்றதும் அவருக்கு அடுத்தவர் வந்தார், அவருக்குப் பின்னால் இன்னொருவர் இருந்தார். அந்த நேரத்தில்தான் திண்டுக்கல்லில் நூல் மில் வைத்திருந்த ஒருவர் ஆஸ்பத்திரி கட்டி, “நம்ம ஊர்ப் பொண்ணு நீங்க, வந்து ஆரம்பிச்சுக் குடுங்கம்மா” என்று கூப்பிட்டார். சேவை செய்ய ஊருக்குத் திரும்பியதாக எல்லாரும் எழுதினார்கள். அப்படியில்லை. யாருக்கும் பின்னால் நிற்காமல் என் கையால் செய்ய வேண்டும் என்ற வேகம்தான் என்னைக் கூட்டி வந்தது.

முதல் நோயாளி ஒரு பஸ் கண்டக்டர். பிறந்ததிலிருந்தே இருதயத்தில் ஓட்டை. அவருக்கு நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு என்று வர ஆரம்பித்தார்கள். எனக்கு உதவிக்கு இளம் மருத்துவர்கள் வந்தார்கள். கொஞ்ச நாள் இருந்துவிட்டுக் கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரே ஆள் இருக்கிற இடத்தில் இரண்டாவது ஆளாக இருப்பது எப்படிப்பட்டது என்பது எனக்குத் தெரியும்.

எழுத ஆரம்பித்தது காரில். ஆஸ்பத்திரி அறையில் உட்கார்ந்தால் கதவைத் தட்டுவார்கள். வீட்டில் உட்கார்ந்தால் யாராவது எக்ஸ்ரே உறையோடு வாசலில் நிற்பார்கள். உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ளக்கூடிய ஒரே இடம் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நிற்கும் என் கார்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கின் மேல் அட்டையை வைத்து எழுதுவேன். சிறுகதைகள் எழுதினேன். பிறகு ஒரு நாவல். கடற்கரையில் வாழ்கிற ஒரு பெண்ணைப் பற்றியது. அதை எழுதிய காலம் முழுக்க நான் கடலைப் பார்க்கவில்லை. சென்னையில் இருந்தபோது பார்த்த கடல்தான். அதுவும் பஸ் ஜன்னல் வழியாக. மழை பொய்த்து, குடத்தை வரிசையில் வைக்கிற ஊரில், தோல் பதனிடும் ஷாப்பு வாடை காற்றில் வருகிற மத்தியானத்தில், கார் கண்ணாடிக்குள் உட்கார்ந்து அலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன்.

நாவலுக்கு நல்ல பேர் கிடைத்தது. கடல் வாசனை அடிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். என் வீட்டுக்காரர் அரசுப் பள்ளியில் புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் பிரதியைப் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“ஏம்மா, காத்து எந்த மாசத்துல எந்தப் பக்கத்துல இருந்து அடிக்கும்னுகூடத் தெரியாமயா எழுதுவ?”

“யாரு கவனிக்கப் போறா?”

“கடக்கரையில இருக்கவன் படிச்சா சிரிப்பான்.”

சென்னையில் அந்தப் புத்தகத்தை வெளியிட்டபோது நான் போகவில்லை. முந்தின நாள் ஒருவருக்கு வால்வு மாற்றியிருந்தேன். ஆஸ்பத்திரி அறையிலிருந்து போனில் முகத்தைக் காட்டிப் பேசினேன். பாதியில் சிக்னல் போய்விட்டது. எனக்குப் போட வேண்டிய சால்வையை நாற்காலிக்குப் போர்த்திப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். அந்த நாற்காலி என்னைவிட லட்சணமாக இருந்தது.

நோயாளிகளுக்கு நான் எழுதுவது தெரியும். மயக்க மருந்து கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால், “என்னையப் பத்தி எழுதிராதீங்கம்மா” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடியவர்கள் உண்டு. “என்னையப் பத்தி எழுதுங்கம்மா” என்று கேட்டவர்களும் உண்டு.

ஒரு தீபாவளிக்கு முன்னால், வீட்டுக்காரர் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்.

“மூணு நாளு. தனுஷ்கோடிக்குப் போறோம். நீ எழுதுன கடலை நீ ஒருக்கா பாரு.”

நான் சாக்குச் சொன்னேன். ஒவ்வொரு சாக்குக்கும் அவரிடம் பதில் இருந்தது. அந்த வாரம் ஆபரேஷன் எதற்கும் நாள் குறிக்க வேண்டாம் என்றார். முன்பு ஆபரேஷன் ஆனவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு கிளம்பலாம் என்றார். மதுரையில் ஒரு இருதய அறுவை மருத்துவரிடம் தானே பேசி, அவசரம் என்றால் வருவதாக வாக்கு வாங்கியிருந்தார். எனக்கு வேறு வழியில்லாமல் போனது, சந்தோஷமாகவும் இருந்தது.

நான் லீவு என்று தெரிந்ததும் பிரிவே லீவு எடுத்துக்கொண்டது. இருதயத்தை நிறுத்தித் தைக்கும் நேரத்தில் அதன் வேலையைச் செய்ய ஒரு இயந்திரம் இருக்கிறது. அதை இயக்குகிறவர் தங்கை கல்யாணத்துக்கு நாகர்கோவில் போனார். ஆபரேஷன் தியேட்டர் சீனியர் சிஸ்டர் ஊருக்குப் போனார். ரத்தக் குழாய் வழியாக பலூன் விட்டு அடைப்பை எடுக்கிற டாக்டர் எப்போதுமே மதுரையிலிருந்து வாரத்தில் சில நாள்தான் வருவார். மயக்க மருந்து டாக்டர் மட்டும் இருந்தார். என் வயசுக்காரர், பழனிப் பக்கம். கூடவே நின்று நின்று எனக்கு அண்ணன் மாதிரி ஆகிவிட்டவர். “நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறனுங்க” என்றார்.

ஒரு வியாழக்கிழமை காலையில் கிளம்பினோம். வீட்டுக்காரர் வண்டி ஓட்டினார். சின்னாளபட்டி போனது, அம்பாத்துரை போனது. கொடைரோடு டோல்கேட் தெரிந்தபோது வழக்கம்போல கை போனைத் தேடியது. “மூச்சை இழுத்து விடு” என்றார். நான் இழுத்து விட்டேன். அப்போது போன் அடித்தது.

“டாக்டரம்மா, எங்க இருக்கீங்க?” மயக்க மருந்து டாக்டர்தான்.

“கொடைரோட்டுல. டோல்கேட்டுகிட்ட.”

“ஏனுங்க, திரும்ப முடியுங்களா?” என்றார்.

அய்யலூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். ஏழு மாசம். மூச்சு விட முடியாமல், வாயில் இளஞ்சிவப்பாக நுரை தள்ள வந்திருந்தாள். சின்ன வயசில் மூட்டுக் காய்ச்சல் வந்து அதில் இருதய வால்வு சுருங்கிப்போனவள். கல்யாணம் ஆகிறவரை அது திரும்ப வராமலிருக்க ஊசி போட்டு வந்திருக்கிறாள், அப்புறம் விட்டுவிட்டாள். வயிற்றில் பிள்ளை வளர வளர ரத்தம் கூடுகிறது. அந்த ரத்தம் போக வேண்டிய வாசல் சட்டைப் பொத்தான் ஓட்டை அளவுக்குத்தான் திறந்திருக்கிறது. போக முடியாத ரத்தம் நுரையீரலில் தேங்கி, அவள் தன் நெஞ்சுக்குள்ளேயே மூழ்கிக்கொண்டிருந்தாள்.

போனில் நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நான் சொல்லாமலே திரும்ப இடம் தேடினார். ஆனால் நாற்கரச் சாலையில் நினைத்த இடத்தில் வண்டியைத் திருப்ப முடியாது. டோல்கேட் வரிசையில் முன்னாலும் பின்னாலும் லாரிகள். கேட்டைத் தாண்டி, இன்னும் மதுரைப் பக்கமாகவே போய், நடுவில் இடைவெளி வந்த பிறகுதான் திரும்பினோம். ஆஸ்பத்திரியை விட்டு விலகி விலகிப் போன அந்தக் கொஞ்ச தூரம் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. கடலுக்குப் போகிற ஆசை எந்த இடத்தில் என்னை விட்டுப் போனது என்று தெரியவில்லை. திரும்பியபோது அது இல்லை.

அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள். மருந்தெல்லாம் கொடுத்திருந்தார்கள். நுரை கொஞ்சம் குறைந்திருந்தது, மூச்சு குறையவில்லை. என்னைப் பார்த்ததும் இரண்டே வார்த்தை சொன்னாள்.

“படுக்க வச்சிராதீக.”

வருவதாக வாக்குக் கொடுத்திருந்த மதுரை அறுவை மருத்துவரிடம் போனில் பேசினேன். “நான் வந்து திறக்குறதைவிட இங்க அனுப்பிருங்க, பலூன் விட்டு வால்வை விரிச்சிரலாம்” என்றார். சரியான யோசனைதான். ஆம்புலன்ஸ் வெளியே நின்றுகொண்டுதான் இருந்தது. மயக்க மருந்து டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“அனுப்பலாமுங்க. ஆனா உசுரு கொடைரோடு தாண்டாது.”

“பலூன் டாக்டரை இங்க வரச் சொன்னா?”

“கேட்டனுங்க. அவரு இப்ப ஒரு கேஸுல உள்ள இருக்காராம். எப்ப முடியும்னு தெரியாதாம்.”

“மெஷினை ஓட்டுறதுக்கு?”

“நாகர்கோவில்ல இருந்து எப்பங்க வர்றது?”

எனக்குத் தெரிந்த வழிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தன. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. பலூன் வருவதற்கு முன்னால், இயந்திரமும் எல்லா இடத்திலும் இல்லாத காலத்தில் செய்தது. நெஞ்சின் இடப்பக்கத்தைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கிற இருதயத்துக்குள்ளே விரலை விட்டு, ஒட்டிப்போன வால்வைப் பிரித்து விடுவது. நான் படித்த காலத்தில் சென்னைப் பெரியாஸ்பத்திரியில் இன்னும் செய்துகொண்டிருந்தார்கள். கர்ப்பிணிகளுக்கும் செய்வார்கள்.

“நீங்க பண்ணியிருக்கீங்களா?” என்றார் அவர்.

“படிக்கும்போது சில தடவை.”

“கடைசியா எப்பங்க?”

“எம் பொண்ணு பிறக்குறதுக்கு முன்னாடி.”

“உங்க பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிருச்சுங்களே.”

அவர் தலையை ஆட்டிவிட்டு மருந்து எடுத்து வைக்கப் போனார்.

அவளுடைய வீட்டுக்காரன் வராந்தாவில் நின்றான். ஆட்டு வியாபாரி. அன்றைக்கு அய்யலூர்ச் சந்தை, அதுவும் தீபாவளிச் சந்தை. சந்தையிலிருந்து அப்படியே வந்திருந்தான். சட்டையெல்லாம் ஆட்டு முடி ஒட்டியிருந்தது. நான் பக்கத்தில் போனதும் முந்திக்கொண்டான்.

“ரெண்டுல எது வேணும்னு மட்டும் என்கிட்ட கேட்றாதீக டாக்டரம்மா.”

“கேக்க மாட்டேன். வால்வுங்குறது ரெட்டைக் கதவு மாதிரி. ரெண்டு கதவும் ஓரத்துல ஒட்டிக்கிருச்சு. நான் விரலை விட்டுப் பிரிச்சு விடப் போறேன்.”

“விரலையா?”

“விரலைத்தான்.”

“இருதயம் ஓடிக்கிட்டு இருக்கயிலயா?”

“ஆமா.”

என் கையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். “குட்டி குறுக்க மாட்டிக்கிட்டா நானும் கையை விட்டுத்தான் எடுப்பேன்” என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “சிலது வராது” என்று தானே சொன்னான்.

உட்கார்ந்தபடியேதான் அவளுக்கு மயக்க மருந்து கொடுக்க ஆரம்பித்தோம். கண் செருகிய பிறகுதான் மெல்லச் சாய்த்தோம். இடது மார்புக்குக் கீழே திறந்தேன். இருதயத்தின் மேல் அறையில் காது மடல் மாதிரி ஒரு சின்னத் தொங்கல் உண்டு. அவளுக்கு அது ரத்தம் தேங்கித் தேங்கி வீங்கியிருந்தது. அதைச் சுற்றி, சுருக்குப் பை வாய்க்குக் கயிறு கோப்பது போல நூல் கோத்தேன். அதன் நுனியை வெட்டித் திறந்து ஆள்காட்டி விரலை உள்ளே விட்டதும் சுருக்கை இறுக்கச் சொன்னேன்.

உள்ளே சூடு. இந்த ஊருக்கு வந்த பிறகு எத்தனையோ இருதயங்களைக் கையில் எடுத்திருக்கிறேன். அவை நிறுத்தி வைத்த இருதயங்கள், குளிர்ந்த இருதயங்கள். இது ஓடிக்கொண்டிருந்தது. என் விரலைச் சுற்றி அடித்தது. விரல் நுனியால் துழாவி வால்வைக் கண்டுபிடித்தேன். விரலே நுழையாத வாய்.

வால்வின் வாயில் விரலை வைத்தால் அந்தக் கொஞ்ச ரத்தமும் போகாது. அதுவரைக்கும் நோய் அடைத்துக்கொண்டிருந்த வாசலை இப்போது நானே அடைத்துக்கொண்டு நின்றேன்.

“இறங்குதுங்க” என்றார் மயக்க மருந்து டாக்டர். ரத்த அழுத்தத்தைச் சொன்னார். “இறங்குதுங்க. எடுத்துருங்க.”

எடுத்தேன். விரல் அறைக்குள்ளேயே இருந்தது, வால்வை விட்டு மட்டும் விலகியது. அழுத்தம் மெல்ல ஏறியது. வால்வு கொஞ்சமும் பிரியவில்லை. நான் பலமாக அழுத்தவில்லை. பலமாக அழுத்தி, ஓரத்தில் பிரிவதற்குப் பதிலாக நடுவில் கிழிந்துவிட்டால் ரத்தம் பின்னால் பாயும். அதைச் சரிசெய்ய இயந்திரம் வேண்டும். இயந்திரம் அடுத்த அறையில் உறை போட்டு நின்றது. அழுத்தவும் பயம், அழுத்தாமல் வெளியே வரவும் வழியில்லை.

அப்போது எனக்கு வந்தது கோபம். இதை எங்கேயும் நான் எழுதியதில்லை. மில்காரர் மேல் கோபம், என்னை விட்டுப் போன ஒவ்வொரு இளம் மருத்துவர் மேலும் கோபம், ஊசியை நிறுத்திய இந்தப் பெண் மேல்கூடக் கோபம். இன்னொரு மனுஷியின் இருதயத்துக்குள் விரலை வைத்துக்கொண்டு, ஊரையே திட்டிக்கொண்டு நின்றேன். எதிரே உதவிக்கு நின்ற சிஸ்டர் என் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

மறுபடி போனேன். இந்த முறை நடுவை விட்டு ஓரத்தைத் தேடினேன். இரண்டு கதவும் சேர்கிற மூலையில் சின்னதாக ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. அதில் விரலை வைத்து வெளிப்பக்கமாகத் தள்ளினேன். “இறங்குதுங்க” என்ற குரல் கேட்டது. தள்ளினேன். காய்ந்த பயற்று நெற்று விரலில் பிளக்குமே, அப்படிப் பிளந்தது. சத்தம் கேட்கவில்லை, கைக்குத் தெரிந்தது. விரல் முழுசாக உள்ளே போனது.

அடுத்த மூலையையும் தள்ளினேன். பாதிதான் கொடுத்தது. இன்னும் கொஞ்சம் தள்ளலாமா என்று ஆசை வந்தது. எனக்கு நானே “போதும்” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு விரலை எடுத்தேன். சுருக்கை இறுக்கிக் கட்டினோம்.

மயக்க மருந்து டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏறுதுங்க” என்றார். கொஞ்சம் கழித்து, “நல்லா ஏறுதுங்க” என்றார். பிரசவ டாக்டர் வந்து வயிற்றில் கருவியை வைத்துத் தேடினார். முதலில் கரகரவென்று வெறும் சத்தம். அப்புறம் தடதடவென்று, அவசரமாக எங்கேயோ ஓடுகிற மாதிரி, பிள்ளையின் இருதயம் கேட்டது. நான் திரும்பி நின்றுகொண்டேன்.

வெளியே வந்து அவள் வீட்டுக்காரனிடம், “ரெண்டு பேரும் இருக்காக” என்றேன். அவன் சட்டையில் ஒட்டியிருந்த ஆட்டு முடியை ஒவ்வொன்றாகப் பிய்க்க ஆரம்பித்தான்.

என் வீட்டுக்காரர் வேப்பமரத்தடியில் காரில் இருந்தார். அந்தப் பெண்ணைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், நான் நகர முடியாது என்று அவரிடம் சொன்னேன். அவருக்கும் அது தெரியும். என் பையை மட்டும் எடுத்து வெளியே வைத்தார்.

“நான் போயிட்டு வந்துர்றேம்மா.”

அவரும் போக மாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். “சரி” என்றேன். கார் கேட்டைத் தாண்டிப் போகிறவரை பையோடு நின்றேன். அவர் மேல் வருத்தமில்லை. அவர் எத்தனை வருஷம் என்னோடு சேர்ந்து இந்த ஊரிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்பதை அன்றைக்குத்தான் யோசித்தேன்.

மறுநாள் கடற்கரையிலிருந்து பேசினார். காற்று இரைச்சலில் கத்திக் கத்திப் பேசினார்.

“நீ எழுதுன மாதிரி இல்லம்மா. ஒரு பக்கம் குளம் மாதிரி சும்மா கெடக்கு. இன்னொரு பக்கம்தான் அலை.”

“அடுத்த பதிப்புல மாத்திர்றேன்” என்றேன்.

“மாத்தாத. வந்து பாத்துட்டு மாத்து.”

தீபாவளி கழிந்ததும் மில்காரரைப் பார்க்கப் போனேன். இரண்டாவது அறுவை மருத்துவர் ஒருவரைப் போடுங்கள், இல்லாவிட்டால் நான் விலகிக்கொள்கிறேன் என்றேன். அவர் கெட்டவர் அல்ல. அன்போடுதான் பேசினார்.

“நீங்க இந்த ஆஸ்பத்திரிக்கு மூலவர் மாதிரிம்மா. நீங்க இல்லாம இது வெறுங் கட்டடம்.”

நான் வேதக்காரி, கிறிஸ்தவப் பெண். ஆனாலும் கோயில் ஊரைச் சுற்றித்தானே வளர்ந்தேன். “உற்சவராவது வருஷத்துக்கு ஒருக்கா வீதிக்கு வருவாரு ஐயா. மூலவர் கருவறையை விட்டு வெளிய வந்து பாத்திருக்கீங்களா?” என்றேன். அவர் சிரித்தார். காபி வரவழைத்தார். பார்க்கலாம் என்றார். நானும் காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

நான் விலகப் போவதாக ஊரில் பேச்சாகிவிட்டது. வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். என் முதல் நோயாளியான பஸ் கண்டக்டர் யூனிபாரத்தோடு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். ஒரு நாள் சாயங்காலம் அந்த அய்யலூர்ப் பெண் வந்தாள். நிறைமாசம். எங்கள் வீட்டுப் படிகளை ஏறி வந்து, மூச்சு வாங்காமல் நின்று பேசினாள். எனக்கு அவள் பேசியது முதலில் காதில் ஏறவே இல்லை, மூச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“போறீகளாமே?”

“யோசிக்கிறேன்.”

“எனக்கு இன்னும் பிள்ள பிறக்கலையேம்மா” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைப் போலச் சொன்னாள்.

பிறக்கட்டும் என்று இருந்தேன். பெண் பிள்ளை, கொஞ்சம் எடை குறைவு, வேறு குறையில்லை. அவள் வீட்டுக்குப் போனபோது வேறொருவர் வால்வுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவர் முடிந்ததும் இன்னொருவர். யாரும் என்னைக் கட்டி வைக்கவில்லை. எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள், அவ்வளவுதான். கும்பிட்ட கைகளைத் தாண்டி எப்படி நடப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் உண்டு. என்னை யாரும் கூப்பிடாத நாளில் நான் எப்படி இருப்பேன் என்று நினைத்தாலே பயமாகவும் இருந்தது.

அடுத்த தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் எழுந்து, மில்காரருக்குப் போன் போட்டேன். “அவசரம்னு வர்றவங்களைப் பாப்பேன். புதுசா ஆபரேஷனுக்கு நாள் குறிக்க மாட்டேன். இன்னொரு டாக்டர் வந்தப்புறம்தான்” என்றேன். விலகுவேன் என்று மிரட்டியபோது நடக்காதது இதற்கு நடந்தது. கொஞ்ச நாள் அவர் என்னோடு பேசவில்லை. பேசியபோது ஆளைக் கண்டுபிடித்திருந்தார். கோயம்புத்தூரில் வேலை பார்த்தவர், நாற்பதை நெருங்கிய வயசு. மனைவிக்கு நத்தம் பக்கத்தில் பள்ளிக்கூட வேலை. வாராவாரம் போய்வரச் சலித்துப்போன அந்த அம்மாவால்தான் அவர் எங்களுக்குக் கிடைத்தார்.

அவர் முதல் ஆபரேஷன் செய்த நாளில் நான் என் அறையில் உட்கார்ந்திருந்தேன். பேனா எடுத்தேன், வைத்தேன். காலைத் தொங்கப் போட்டேன், மடக்கினேன். பாதியில் சிஸ்டர் வந்து, “மேடம், உங்களை உள்ள வரச் சொல்றாரு” என்றார். எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பாகிவிட்டது. உடை மாற்றி, கையைத் தேய்த்துக் கழுவி, உள்ளே போனேன்.

“மேடம், இந்த வால்வைப் பாருங்க. மாத்திரலாமா, இதையே சரி பண்ணலாமா?”

பார்த்தேன். “நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“சரி பண்ணலாம்னுதான்.”

“பண்ணுங்க.”

அவர் தைக்க ஆரம்பித்தார். நல்ல கை. அவசரமில்லாத கை. நான் நின்றுகொண்டே இருந்தேன். ஏதாவது கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. சீனியர் சிஸ்டர் என் பக்கம் சாய்ந்து, மரியாதையாக, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: “மேடம், லைட்டை மறைக்கிறீங்க.”

நகர்ந்தேன். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் அந்த நோயாளியின் சொந்தக்காரர்கள் எழுந்து நின்றார்கள். “உள்ள டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காரு. நல்லாப் போகுது” என்று சொல்லிவிட்டு, படியிறங்கிக் கேண்டீனுக்குப் போனேன். அங்கே சமைக்கிற அம்மா என்னை அந்த நேரத்தில் பார்த்து ஆச்சரியப்பட்டார். எனக்கு எப்போதும் டப்பாவில் போட்டு மேலே கொடுத்தனுப்பித்தான் அவருக்குப் பழக்கம்.

“இன்னைக்கு ஆப்ரேசன் இல்லையாம்மா?”

“இருக்கு. வேற டாக்டர் பண்றாரு.”

“அப்பச் செத்த உக்காந்து சாப்பிடுங்க. வெஞ்சனம் இப்பத்தான் இறக்குனேன்.”

இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். சோற்றோடு வைத்த கத்தரிக்காய் வெஞ்சனம் நாக்கைச் சுடும் அளவுக்குக் கொதித்தது. அவ்வளவு சூடாகச் சாப்பிட்டு எனக்குப் பழக்கமே இல்லை. ஊதி ஊதிச் சாப்பிட்டேன்.